வீட்டிலேயே விண்வெளி வீரன் கவசம்: அளவு எடுப்பதிலிருந்து உடம்பில் கட்டுவது வரை

அறிவியல் புனைகதைகளில் வருகிற வீரனைப் போலத் தலை முதல் கால் வரை கவசம் செய்து போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். நான் இதுவரை இரண்டு முழுக் கவசங்கள் செய்திருக்கிறேன், இரண்டும் சென்னையில், ஒரு படுக்கையறையும் மொட்டைமாடியும்தான் பட்டறை. முதல் கவசம் புகைப்படத்தில் பிரமாதமாக இருந்தது, ஆனால் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் நிற்க முடியவில்லை. இரண்டாவதைக் காலையில் கட்டினால் நடுவில் ஹெல்மெட்டை மட்டும் கழற்றிக் கழற்றி மாலை வரை சமாளிக்கலாம். பெயிண்ட்டும் விளக்கும் இரண்டிலும் ஒன்றுதான், அளவும் கட்டும்தான் மாறியது. அதனால் அந்தப் பதில்கள் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதில் செய்வது? ஃபோமா, பிளாஸ்டிக்கா, 3டி பிரிண்ட்டா?

முதல் முறை என்றால் ஈ.வி.ஏ. ஃபோம், யோசிக்கவே வேண்டாம். குழந்தைகள் அறையிலும் ஜிம்மிலும் தரையில் ஒன்றோடொன்று கோத்துப் போடுகிற பாய் இருக்கிறதே, அதே பொருள்தான். லேசானது, சூடு காட்டினால் வளையும், ஆறினால் வளைந்தபடியே நிற்கும், கூட்டத்தில் யார் மேலாவது இடித்தாலும் காயம் படாது. தப்பாக வெட்டினால் ஒரு துண்டோடு நஷ்டம் முடிந்துவிடும்.

1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் வெள்ளைக் கவசங்கள் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தவை. பளபளப்புக்கு அந்த முறையை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் அச்சு வேண்டும், ஓரங்கள் விறைப்பாக நின்று தோலை உரசும். 3டி பிரிண்ட் சின்னச் சின்ன நுணுக்கங்களுக்கும் ஹெல்மெட்டுக்கும் நல்லது. ஒரு எச்சரிக்கை: அதில் அதிகம் பயன்படுகிற பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். வெளியே எடுத்துப் போகிற பாகமென்றால் அதைவிடச் சூடு தாங்குகிற பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்கில் அச்சடிக்கச் சொல்லுங்கள்.

ஃபோம் என்ன தடிமன், எவ்வளவு வாங்க வேண்டும்?

மார்பு, முதுகு, தொடை, கெண்டைக்கால் எல்லாம் 8 முதல் 10 மி.மீ., கையும் இடுப்புத் துண்டுகளும் 5 அல்லது 6 மி.மீ., மேலே ஒட்டுகிற பட்டைகளும் அலங்காரமும் 2 மி.மீ. இந்த 2 மி.மீ. ஷீட் ஸ்டேஷனரி கடைகளில் பள்ளி ப்ராஜெக்ட்டுக்கு விற்பதுதான், மினுமினுப்புத் தூள் ஒட்டாததாகப் பார்த்து வாங்குங்கள். 60 செ.மீ. சதுரப் பாயாக வாங்கினால் சராசரி ஆளின் முழுக் கவசத்துக்குப் பத்து முதல் பதினான்கு வரை ஆகும்.

கடையில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே மேலே எழும்பினால் வாங்கலாம், பள்ளமாகவே நின்றால் அது அடர்த்தி குறைந்த சரக்கு, வெட்டும் இடமெல்லாம் பொரபொரவென்று வரும். மெத்தென்று இருக்கிற யோகா பாய் வேண்டாம், பெரும்பாலும் அது வேறு பொருள், சூட்டில் வளைத்தால் வடிவம் நிற்காது.

ஹெல்மெட்டிலிருந்து ஆரம்பிக்கலாமா?

ஆசை அங்கேதான் இழுக்கும், எனக்கும் இழுத்தது. ஆனால் முன்கைக் கவசத்தில் ஆரம்பியுங்கள். அதில் வெட்டு, சாய்வு வெட்டு, வளைப்பு, ஒட்டு, கட்டு எல்லாமே உண்டு, இரண்டு மாலையில் முடிந்துவிடும். அடுத்து கெண்டைக்கால், தொடை, அப்புறம் மார்பு. கை தேறிய பிறகு கடைசியாக ஹெல்மெட்.

இணையத்திலிருந்து டெம்ப்ளேட் (வெட்ட வேண்டிய துண்டுகளின் வரைபடம்) இறக்கி வைத்திருக்கிறேன். அப்படியே பிரிண்ட் போட்டு வெட்டலாமா?

கூடாது. அதை வரைந்தவர் தன் உடம்புக்கோ கணினியில் இருக்கிற ஒரு பொம்மை உடம்புக்கோ வரைந்திருப்பார். பெபாகுரா மாதிரி, கணினி உருவத்தைக் காகிதத்தில் வெட்டுகிற துண்டுகளாக விரித்துத் தருகிற மென்பொருளில் உயரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உயரம் ஒன்றாக இருக்கிற இரண்டு பேருக்குக் கெண்டைக்கால் சுற்றளவில் ஐந்து செ.மீ. வித்தியாசம் இருக்கலாம். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக, உங்கள் நீளத்துக்கும் சுற்றளவுக்கும் ஏற்ப மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் ஃபோமில் கை வைக்காதீர்கள். முதலில் பழைய அட்டைப்பெட்டியில் வெட்டி, டேப் போட்டு ஒட்டி, உடம்பில் வைத்துக் கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். காலண்டர் அட்டையிலும் அமேசான் பெட்டியிலும் நான் செலவழித்த ஒரு வாரம்தான் இரண்டாவது கவசத்தைக் காப்பாற்றியது.

சரி, என் உடம்புக்கு அளவு எப்படி எடுப்பது?

முதல் விஷயம், கவசத்துக்கு அடியில் என்ன போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளவு எடுங்கள். ஷூவும் சேர்த்து. ஷூ இல்லாமல் அளந்த கெண்டைக்கால் கவசம் கணுக்காலில் இடித்துக்கொண்டே இருக்கும்.

மார்புக்கும் முதுகுக்கும் டேப் அளவு போதாது, ஏனென்றால் உடம்பு சிலிண்டர் இல்லை. சமையலறையில் உணவை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை டி-ஷர்ட்டுக்கு மேல் இடுப்பிலிருந்து அக்குள் வரையும் தோளுக்கு மேலும் சுற்றச் சொல்லுங்கள், அதன் மேல் அகலமான துணி டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக ஒட்டி மூடச் சொல்லுங்கள். கட்டாயம் கூட ஒருவர் வேண்டும். கழுத்தைச் சுற்றக் கூடாது, இறுக்கி இழுக்கக் கூடாது, சுற்றும்போது வயிற்றை உள்ளே இழுக்காமல் சாதாரணமாக மூச்சு விட வேண்டும். பிறகு மார்க்கரால் கவசத்தின் கோடுகளை டேப்பின் மேலேயே வரையுங்கள்: மார்புத் தகடு எங்கே முடிகிறது, விலா எங்கே தொடங்குகிறது, நடுக்கோடு எது. நுனி மழுங்கிய கத்தரியால் பக்கவாட்டில் வெட்டிக் கழற்றினால் உங்கள் உடம்பின் கூடு கையில் இருக்கும். வரைந்த கோடுகளில் அதைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டையாக விரித்தால் அதுதான் பேட்டர்ன். ஒரு பாதியை மட்டும் எடுத்து மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போடுங்கள். இரண்டு பக்கத்தையும் அப்படியே எடுத்தால் ஒரு தோள் இறங்கித் தெரியும், நம் எல்லாருக்கும் ஒரு தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது.

எடுத்த அளவோடு தளர்ச்சி சேர்க்க வேண்டும். ஃபோமின் தடிமன் உள்பக்கத்தைத் தின்னும்: 10 மி.மீ. ஃபோமைக் காலைச் சுற்றி வளைத்தால் வெளிச் சுற்றுக்கும் உள் சுற்றுக்கும் 6 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். இதைக் கணக்கில் எடுக்காமல்தான் என் முதல் தொடைக் கவசம் முழங்காலுக்கு மேல் ஏறவே இல்லை. கை கால் பாகங்களுக்கு இந்த வித்தியாசத்தையும் அதற்கு மேல் 2 அல்லது 3 செ.மீ.யையும் சேர்த்து வெட்டுங்கள்.

வெட்டினால் ஓரம் பல் பல்லாக வருகிறதே?

பிளேடு மழுங்கிவிட்டது. ஃபோம் பார்க்க மெத்தென்று இருந்தாலும் பிளேடின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்துகிற கட்டர் வாங்கி, ஒன்றிரண்டு பெரிய துண்டுகளுக்கு ஒருமுறை ஒடியுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே இழுப்பில் அறுக்காமல் இரண்டு மூன்று தடவையாக இறங்குங்கள், பிளேடு செங்குத்தாக நிற்கட்டும். நல்ல பிளேடு ஃபோமில் போகும்போது சத்தமே வராது, கரகரவென்று கேட்டால் அப்போதே ஒடிக்க வேண்டும். மூலை திரும்ப வேண்டிய இடத்தில் இரண்டு ஓரங்களையும் 45 டிகிரி சாய்வாக வெட்டி ஒட்டினால் செங்கோண மூலை கிடைக்கும்.

எப்படி வளைப்பது?

ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதுகிற கருவி. ஒரே இடத்தில் காட்டாமல் வீசிக்கொண்டே இருங்கள். மேற்பரப்பு லேசாக மினுங்கத் தொடங்குகிற அந்த நொடிதான் சரியான பதம், அதற்கு மேல் போனால் குமிழ் விட்டுச் சுருங்கும், நாற்றமும் வரும். உடனே பாட்டில் மேலோ உங்கள் தொடை மேலோ (ஜீன்ஸ் போட்டுக்கொண்டு) வைத்து அழுத்தி, ஆறும் வரை பிடியுங்கள். தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வளையுங்கள், ஆறும்போது சற்று விரிந்து கொடுக்கும். இந்தச் சூட்டில் இன்னொரு லாபமும் இருக்கிறது: ஃபோமின் நுண்ணிய ஓட்டைகள் மூடிக்கொள்ளும், பெயிண்ட் குறைவாகக் குடிக்கும். மேலோட்டமாகக் கத்தியால் கோடு கீறிவிட்டுச் சூடு காட்டினால் கீறல் வாய் திறந்து, இரண்டு தகடு சேர்ந்த இடம் போலவே தெரியும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நிமிடம் அதுதான்.

எந்தப் பசை?

குச்சியை உருக்கி ஒட்டுகிற ஹாட் க்ளூ வேண்டாம், நம் வெயிலில் இளகிப் பிரியும், ஒட்டிய இடமும் மேடாகத் தெரியும். தச்சர்கள் சன்மைக்கா ஒட்டுகிற ரப்பர் பசை, ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரியானது, அதுதான் இதற்குச் சரி. இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் பிசுபிசுப்பு இருக்க வேண்டும், ஆனால் நூல் இழுக்கக் கூடாது. அப்போது சேர்த்து அழுத்தினால் முடிந்தது கதை, நகர்த்திச் சரிசெய்ய இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால் ஒட்டும் முன்பே இரண்டு துண்டிலும் மார்க்கரால் குறுக்குக் கோடு போட்டு வையுங்கள், கோட்டோடு கோடு சேர்த்துக்கொண்டே போகலாம்.

இந்தப் பசையின் ஆவியை மதிக்க வேண்டும். மூடிய அறையில், ஏ.சி. போட்டுக்கொண்டு வேலை செய்யாதீர்கள். துணி மாஸ்க்கும் என்-95-ம் தூசியைத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. அதற்குக் கரைப்பான் ஆவிக்கென்று இருக்கிற கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், மொட்டைமாடியும் வேண்டும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, பசை காய்கிற வரை ஹீட் கன்னையும் கிட்டே கொண்டுவராதீர்கள்.

எல்லாம் அழகாக வந்துவிட்டது, ஆனால் நடந்தால் தொடைக் கவசம் கீழே நழுவுகிறது, மார்பு மேலே ஏறிக் கழுத்தில் இடிக்கிறது. என்ன செய்வது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். தெருக்கூத்தில் வேஷம் கட்டுவது என்று சொல்கிறோம் இல்லையா, அந்தச் சொல்லிலேயே பதில் இருக்கிறது. கூத்துக் கலைஞர்களின் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கிரீடமும் கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்தவை. ராத்திரி முழுக்க ஆடுகிறார்கள், சுற்றுகிறார்கள், குதிக்கிறார்கள், ஒன்றும் நகர்வதில்லை. லேசான பொருள் ஒரு காரணம், கயிற்றால் உடம்போடு இழுத்துக் கட்டியிருப்பது இன்னொரு காரணம். வாய்ப்பு கிடைத்தால் கூத்து தொடங்குவதற்கு முன் ஒப்பனை நடக்கிற இடத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு நின்று பாருங்கள், முடிச்சு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள்.

கவசத்திலும் ஒவ்வொரு பாகத்தின் எடையும் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்க வேண்டும். மார்பும் முதுகும் தோளில் தொங்க வேண்டும்: இரண்டு தோளிலும் அகலமான நாடா, பக்கவாட்டில் ஸ்கூல் பேகில் வருகிற கிளிப் பக்கிள். மார்பு மேலே ஏறுகிறது என்றால் அதைக் கீழே இழுத்துப் பிடிக்க ஒன்றும் இல்லை என்று பொருள், இடுப்பு பெல்ட்டோடு எலாஸ்டிக் போட்டு இணையுங்கள். தொடைக் கவசம் தொடையை இறுக்கிப் பிடித்து நிற்கவே நிற்காது, எவ்வளவு இறுக்கினாலும் ரத்த ஓட்டம்தான் தடைபடும். அது இடுப்பிலிருந்து தொங்க வேண்டும். வெளியே தெரிகிற அலங்கார பெல்ட்டுக்கு அடியில், என்.சி.சி. பெல்ட் மாதிரி உறுதியான இன்னொரு பெல்ட் கட்டி, அதிலிருந்து ஒவ்வொரு தொடைக்கும் முன்னால் ஒரு நாடா, பக்கத்தில் ஒரு நாடா இறக்குங்கள். கெண்டைக்கால் கவசம் ஷூவின் மேல் உட்காரும், அதற்குக் கட்டு குறைவாகவே போதும். மேற்கைத் துண்டு தோள் கவசத்திலிருந்து எலாஸ்டிக்கில் தொங்கட்டும்.

நாடாவை ஃபோமில் பொருத்துவதுதான் பலர் கோட்டை விடுகிற இடம். முனையைச் சும்மா ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் உரிந்து வரும், அதுவும் ஃபோமின் தோலோடு. நாடாவின் முனையை 8 செ.மீ. அளவுக்கு ரப்பர் பசையில் ஒட்டி, அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்கு 5 மி.மீ. ஃபோம் துண்டை மூடி ஒட்டுங்கள். இழுப்பு அந்தத் துண்டு முழுவதும் பரவும். பின்பக்கம் பசை தடவி வருகிற வெல்க்ரோவை நம்பாதீர்கள், வியர்வைச் சூட்டில் பசை நழுவிவிடும். தைக்கிற வெல்க்ரோ வாங்கி நாடாவில் தைத்துக்கொள்ளுங்கள். பை தைக்கிற கடைக்காரரிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் நாம் வீட்டு மிஷினில் போட முடியாத தையலைப் போட்டுத் தருவார்.

போட்டால் உட்கார முடியவில்லை, கையைத் தூக்க முடியவில்லை.

மூட்டுகளில் ஃபோம் அதிகமாக இருக்கிறது. முழங்கால், முழங்கை, இடுப்பு மடிப்பு, அக்குள் ஆகிய இடங்களில் இரண்டு மூன்று விரல் அகலம் இடைவெளி விடுங்கள், அடியில் கறுப்பு உடை இருந்தால் அந்த இடைவெளி கண்ணில் படாது. தொடைக் கவசத்தின் பின் மேல் ஓரத்தைப் பிறை வடிவில் வெட்டுங்கள், உட்காரும்போது இடிப்பது அந்த இடம்தான். மார்புத் தகட்டின் அக்குள் பக்கத்தையும் மனசு வராவிட்டாலும் தாராளமாக வெட்டுங்கள்.

பெயிண்ட் அடிக்கும் முன் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு இதைச் செய்து பாருங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஒரு மாடி ஏறி இறங்குவது, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவது, ஷூ லேஸைத் தொடுவது. எங்கே இடிக்கிறதோ அங்கே உடனே சாக்பீஸால் குறி, கழற்றி வெட்டு, மறுபடி கட்டு. நான் இதை ஒன்பது தடவை செய்தேன், மூன்று இரவுகள் போயின.

பெயிண்ட் வெடிக்காமல் இருக்க?

ஃபோம் வளையும், பெயிண்ட் வளையாது, வெடிப்புக்கு அதுதான் காரணம். சூடு காட்டி மூடிய மேற்பரப்பில் ரப்பர் மாதிரிக் காய்கிற பிளாஸ்டி டிப் ஸ்ப்ரே அடித்தால் சிறப்பு. கிடைக்காவிட்டால் வெள்ளை ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மெல்லிசாக நான்கைந்து பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. மேலே அக்ரிலிக். உலோகம் போலத் தெரிய முதலில் முழுக்கக் கறுப்பு, பிறகு வெள்ளியைப் பிரஷ்ஷில் எடுத்துத் துணியில் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் உரசுவது. அடர் பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து இடுக்குகளில் விட்டு உடனே துடைத்தால் பல வருடம் போர்க்களத்தில் கிடந்த அழுக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், காற்றின் ஈரத்தில் பூச்சு வெளுத்துப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும்.

ஹெல்மெட்டில் மூச்சு முட்டுகிறது, கண்ணாடியில் ஆவி படிகிறது.

40 மி.மீ. அளவுள்ள 5 வோல்ட் குட்டி விசிறி இரண்டு வாங்குங்கள், சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒன்று தாடைப் பக்கமிருந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்க, மற்றது உச்சிக்குப் பின்னாலிருந்து வெளியே தள்ள. இரண்டையும் உள்ளே ஊதுகிற மாதிரி வைத்தால் சூடான காற்றே சுற்றிக்கொண்டிருக்கும். பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் ஒரு சொட்டை வைசரின் (ஹெல்மெட்டின் முகக் கண்ணாடி) உள்பக்கம் தேய்த்து, மெல்லிய துணியால் மெருகேற்றினால் சில மணி நேரம் ஆவி படியாது. உள்ளே நாலைந்து இடத்தில் மட்டும் ஸ்பாஞ்ச் திண்டு வையுங்கள், முழுக்க அடைத்தால் காற்று போக வழி இருக்காது. அளவில் ஒன்று மறக்கக் கூடாது: ஹெல்மெட்டின் கழுத்துத் துளை வழியாக உங்கள் தலையின் மிக அகலமான பகுதி நுழைய வேண்டும். பின்பக்கத்தைத் தனித் துண்டாக வெட்டி, காந்தம் வைத்து மூடுவது நல்ல வழி.

விளக்குக்கு பவர் பேங்க் போட்டேன், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது.

பவர் பேங்க் கெட்டுப்போகவில்லை. சில எல்.இ.டி.கள் மட்டும் இழுக்கிற மின்சாரம் மிகக் குறைவு என்பதால், போன் முழுசாக ஏறிவிட்டது என்று நினைத்து அது தானே நிறுத்திக்கொள்கிறது. விசிறிகளையும் அதே இணைப்பில் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே ஒளியாகப் பரவும். பேட்டரியை வியர்வை படாத இடத்தில், சட்டென்று கழற்றி எடுக்க வசதியாக வையுங்கள்.

சென்னை வெயிலில் இதைப் போட முடியுமா?

முடியும், கவனமாக இருந்தால். ஃபோம் காற்றை விடாது, நம் கடற்கரைக் காற்றில் ஏற்கனவே ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். அடியில் பருத்தி பனியன் வேண்டாம், நனைந்து கனத்து ஒட்டிக்கொள்ளும், விளையாட்டு வீரர்கள் போடுகிற சட்டென்று உலரும் துணி நல்லது. அரை மணிக்கு ஒருமுறை ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும். தலை சுற்றினாலோ குமட்டினாலோ, வியர்ப்பது நின்றுபோனாலோ, படம் எடுக்க எத்தனை பேர் காத்திருந்தாலும் உடனே கழற்றி நிழலுக்குப் போக வேண்டும்.

2024-ல் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் (காமிக்ஸ் ரசிகர்களும் வேஷம் கட்டுகிறவர்களும் கூடுகிற விழா) வந்த பிறகு உள்ளரங்கில் போட்டுக்கொள்ள ஒரு இடம் கிடைத்திருக்கிறது. அங்கேயும் வாசலுக்கு வெளியே வரிசையில் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள், உள்ளே போய்க் கட்டுங்கள்.

தனியாகவே போட்டுக்கொள்ள முடியுமா?

காலிலிருந்து தொடங்கினால் முடியும். மார்பு கட்டிய பிறகு குனிந்து ஷூ மாட்ட முடியாது, அதனால் ஷூ, கெண்டைக்கால், தொடை, பெல்ட், மார்பு, தோள், கை, கடைசியில் ஹெல்மெட். எல்லா பக்கிளும் முன்பக்கமோ இடது பக்கவாட்டிலோ வருகிற மாதிரி வையுங்கள். ஆனாலும் வெளியே போகும்போது கூட ஒருவர் இருக்க வேண்டும், ஹெல்மெட் போட்டால் காலடியில் நிற்கிற குழந்தை தெரியாது. கழிவறைக்குப் போக எந்தெந்தத் துண்டைக் கழற்ற வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையில் சின்னப் பையில் சூப்பர் க்ளூ, துணி டேப், உபரி பக்கிள் இரண்டு, ஊக்கு.

எத்தனை நாள் ஆகும்?

வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் மட்டும் செய்தால் இரண்டரை மாதம். அதில் கடைசி மூன்று வாரத்தைக் கட்டுக்கும் போட்டுப் பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள்.

கழற்றிய பிறகு எப்படி வைப்பது?

உள்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து, ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து லேசாகத் தெளித்து, விசிறிக் காற்றில் ஒரு ராத்திரி முழுக்க உலரவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், அழுந்திய இடம் பள்ளமாகவே நின்றுவிடும். மார்புக்குள் பழைய போர்வையைச் சுருட்டி வைத்து, அது நிற்கிற வடிவத்திலேயே வையுங்கள். என் முதல் மார்புத் தகட்டைக் காரின் பின்சீட்டில் மத்தியானம் முழுக்க விட்டுவிட்டுத் திரும்பியபோது இரண்டு தோள் ஒட்டும் வாய் பிளந்து கிடந்தன. பிரிந்த இடத்தில் பழைய பசையைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவி ஒட்டினேன், அது பழையபடி நிற்கிறது. பள்ளம் விழுந்த இடத்துக்கு, பெயிண்ட் இல்லாத உள்பக்கமிருந்து ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்துக் காட்டினால் பாதிக்கு மேல் எழும்பிவிடும்.